ஒரே பாடப்பகுதி, இரண்டு தொடக்கங்கள்: உயர்நிலை ஒன்று தமிழ் வகுப்பில் பீடிகை

தமிழாசிரியர்கள் எழுதும் பாடக்குறிப்பில் "பீடிகை" என்று, பாடத்துக்குள் மாணவரை அழைத்துச்செல்லும் தொடக்கத்துக்கான ஒரு கட்டம் இருக்கும். அதன் எதிரே ஐந்து நிமிடம் என்று குறிப்பது வழக்கம். யாரேனும் வகுப்பைப் பார்வையிட வரும் நாள்களில் மிகுந்த உழைப்பைப் பெறுவதும், மற்ற நாள்களில் "சென்ற வகுப்பில் என்ன படித்தோம்?" என்ற ஒற்றைக் கேள்வியோடு முடிந்துவிடுவதும் இந்தக் கட்டம்தான். கல்வி அமைச்சு வகுத்துள்ள சிங்கப்பூர்க் கற்பித்தல் நடைமுறைச் சட்டகம், மாணவரின் முன்னறிவை எழுப்புவதையும் ஆர்வத்தைத் தூண்டுவதையும் தனித்தனிக் கூறுகளாக வைத்திருக்கிறது. நடைமுறையில் இரண்டும் அந்த ஐந்து நிமிடத்துக்குள் நெருக்கப்பட்டு, பல வேளைகளில் இரண்டுமே நடவாமல் போய்விடுகின்றன.

இங்கே விவரிக்கப்படுவது ஓர் உயர்நிலைப் பள்ளியில் நடந்தது. ஆசிரியை ஒருவர் உயர்நிலை ஒன்றில் தாம் கற்பிக்கும் இரண்டு தமிழ் வகுப்புகளில் ஒரே கருத்தறிதல் பகுதியை இரண்டு வேறு தொடக்கங்களுடன் நடத்தினார். அதே பள்ளியில் தமிழ் கற்பிக்கும் நான், அவர் அழைத்ததன்பேரில் இரண்டு வகுப்புகளிலும் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்தேன். இது சோதனை ஆய்வு அன்று. இரண்டு வகுப்புகளின் மாணவர்களும் வேறு வேறானவர்கள். இரண்டாம் வகுப்பை நடத்தியபோது ஆசிரியைக்கு முதல் வகுப்பின் அனுபவமும் கையில் இருந்தது. எனவே எது சிறந்த முறை என்று இங்கே எண்களால் நிறுவ முடியாது. ஒரு பீடிகை எந்த இடத்தில் பாடத்தோடு ஒட்டுகிறது, எந்த இடத்தில் அறுந்துவிடுகிறது என்பதை மட்டும் பக்கத்தில் இருந்து பார்க்க முடிந்தது.

வகுப்பும் பாடப்பகுதியும்

சிங்கப்பூரில் தமிழ் வகுப்பின் தொடக்கம் மற்றப் பாடங்களின் தொடக்கத்தைப் போன்றதன்று. தாய்மொழிப் பாடவேளை வந்ததும் மாணவர்கள் தத்தம் வகுப்பறைகளிலிருந்து கலைந்து வேறு வேறு அறைகளுக்குப் போகிறார்கள். தமிழ் மாணவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் நான்கைந்து வகுப்புகளிலிருந்து வருபவர்கள் ஓர் அறையில் சேர்கிறார்கள். ஒருவர் பக்கத்து மாடியிலிருந்து உடனே வந்துவிடுவார். அறிவியல் கூடத்தில் இருந்தவர் பள்ளியின் மறுகோடியிலிருந்து வந்துசேர ஆறேழு நிமிடம் ஆகும். ஆக, ஆசிரியர் எல்லாரும் வரும்வரை காத்திருந்தால் முதலில் வந்தவர்களின் கவனம் கலைந்துவிடும். காத்திராமல் தொடங்கினால் கடைசியில் வந்தவர்களுக்குப் பீடிகையே இல்லை. ஆசிரியர் பயிற்சியில் நமக்குக் கற்பிக்கப்படும் பீடிகைகள் பெரும்பாலும் எல்லா மாணவர்களும் ஒரே நேரத்தில் அமர்ந்திருக்கும் வகுப்பை மனத்தில் வைத்து உருவானவை என்பதை இந்த ஆறேழு நிமிடம் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இரண்டாவது சூழ்நிலை மொழியைப் பற்றியது. 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் ஆங்கிலத்தையே மிகுதியாகப் பேசுகின்றனர். தமிழை அவ்வாறு பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். இவ்விரு வகுப்புகளிலும் இருந்த மாணவர் பலருக்கு வியப்பு முதலில் எழுவது ஆங்கிலத்தில். ஓர் ஐயத்தைத் தமிழில் முழு வாக்கியமாகக் கேட்பது அவர்களுக்குத் தனியொரு வேலை. வகுப்பில் நிலவும் அமைதியை ஆர்வமின்மை என்று ஆசிரியர்கள் எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். அது சொல் தேடும் அமைதியாகவும் இருக்கக்கூடும்.

பாடப்பகுதி, முன்னோடித் தமிழர்களைப் பற்றிய அலகுக்குத் துணையாக ஆசிரியையே எழுதிய நான்கு பத்திகள். 1819ஆம் ஆண்டு மே மாதம் பினாங்கிலிருந்து, நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸுடன் இந்தியானா என்னும் கப்பலில் வந்த நாராயண பிள்ளை செங்கல் சூளை வைத்தது, கட்டடக் குத்தகைத் தொழிலில் இறங்கியது, கோயில் ஒன்றுக்கு இடம் தேடியது ஆகியவை முதலிரு பத்திகளில் இருந்தன. முதலில் தெலுக் ஆயர் தெருவில் இடம் கிடைத்ததும், வழிபாட்டுச் சடங்குகளுக்கு வேண்டிய நன்னீர் அங்குக் கிடைக்காததால் அது கைவிடப்பட்டதும், பிறகு ஸ்டாம்ஃபர்ட் கால்வாயை ஒட்டிக் கிடைத்த இடம் 1822இல் வகுக்கப்பட்ட நகரத் திட்டத்தால் பொருந்தாமல் போனதும், 1823இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் இடம் வழங்கப்பட்டதும் மூன்றாம் பத்தியில் வந்தன. அங்கே 1827இல் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் எழுந்த மாரியம்மன் கோயிலே சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில் என்பதோடும், அதற்குப் பின்னரே இன்று லிட்டில் இந்தியா எனப்படும் சிராங்கூன் சாலை வட்டாரத்தில் இந்தியக் குடியிருப்புகள் பெருகின என்பதோடும் பகுதி முடிந்தது. காரணத்தையும் விளைவையும் இணைத்து வாசிப்பதே பாடத்தின் நோக்கம்.

முதல் வகுப்பு

முதல் வகுப்பின் பீடிகை, கஹூட் என்னும் இணையப் புதிர்ப்போட்டி. கோயில்கள், பள்ளிவாசல்கள், தெருப்பெயர்ப் பலகைகள் ஆகியவற்றின் படங்கள் திரையில் வந்தன. மாணவர்கள் தங்கள் மடிக்கணினியில் விடையைத் தேர்ந்தெடுத்தார்கள். இசையும் புள்ளிப்பட்டியலும் சேர, அறை நிமிடத்துக்கு நிமிடம் சூடேறியது. நடுவில் பகோடா தெருவின் பெயர்ப்பலகை வந்தபோது ஒரு மாணவர், "பகோடா விக்கிற தெருவா ஆசிரியர்?" என்று கேட்க, வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆசிரியையும் சிரித்தார். எந்தக் கடையில் பகோடா நன்றாக இருக்கும் என்ற பேச்சு சற்று நேரம் ஓடியது. தாமதமாக வந்த மூவர் புள்ளிப்பட்டியலில் இடம்பெற முடியாமல் ஓரமாக அமர்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

வெளியிலிருந்து ஒருவர் அந்நேரத்தில் எட்டிப் பார்த்திருந்தால் மிகச் சிறந்த தொடக்கம் என்றே சொல்லியிருப்பார். போட்டி முடிந்து வெற்றி பெற்றவரின் பெயர் அறிவிக்கப்பட்டு, "சரி, இப்போது பகுதியை எடுங்கள்" என்று ஆசிரியை கூறியபோது, அறையின் ஓசை சட்டென்று இறங்கியது. அது கவனத்தால் வந்த அமைதி அன்று. வேடிக்கை முடிந்தது, வேலை தொடங்கிற்று என்பதை எல்லாரும் புரிந்துகொண்டதன் அடையாளம் அது. மாணவர்கள் பகுதியை ஒழுங்காகவே வாசித்தார்கள். கேள்விகளுக்கு விடையும் எழுதினார்கள். ஆனால் "கோயிலுக்கு முதலில் கிடைத்த இடம் ஏன் கைவிடப்பட்டது?" என்ற கேள்விக்குப் பலர் மூன்றாம் பத்தியின் வரியைப் பெயர்த்து எழுதினார்களே தவிர, அந்தக் காரணம் அவர்களுக்கு எந்த வகையிலும் வியப்பைத் தரவில்லை. கேட்கப்பட்டது, எழுதினார்கள்.

இதற்கு விளக்கம் ஆய்வுலகில் ஏற்கெனவே உண்டு. ஹார்ப், மேயர் ஆகிய இருவர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், மின்னல் எவ்வாறு உருவாகிறது என்பதை விளக்கும் பகுதியோடு மின்னலால் தாக்கப்பட்டவர்களைப் பற்றிய சுவையான செய்திகளைச் சேர்த்துக் கொடுத்தபோது, அவை சேர்க்கப்படாத பகுதியை வாசித்தவர்களைவிட இவர்கள் முதன்மைக் கருத்துகளைக் குறைவாகவே நினைவுகூர்ந்தார்கள். சுவையான செய்தி தன்னளவில் தீமையானதன்று. அது கவனத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதே வினா. கஹூட் போட்டி இங்கே மாணவர்களின் ஆர்வத்தைத் தூண்டியது உண்மை. தூண்டப்பட்ட ஆர்வம் "யார் முதலிடம்?" என்பதில் நின்றது, அந்த வினாவுக்கு விடை கிடைத்ததும் ஆர்வமும் தீர்ந்தது. படங்கள் பாடத்தின் பொருளைச் சார்ந்தவை என்பதால் தொடக்கமும் பாடமும் இணைந்துவிட்டதாக ஆசிரியர் நம்பிவிடுவது இயல்பு. பொருள் ஒன்றாக இருந்தது. வினா ஒன்றாக இல்லை.

இரண்டாம் வகுப்பு

மறுநாள் இரண்டாம் வகுப்பு. மாணவர்கள் வருமுன்பே திரையில் சைனாடவுனின் வரைபடம் ஒன்று இருந்தது. சவுத் பிரிட்ஜ் சாலையும், அதிலிருந்து பிரியும் மாஸ்க் தெரு, பகோடா தெரு, டெம்பிள் தெரு மூன்றும் அதில் தெளிவாகத் தெரிந்தன. மாரியம்மன் கோயில் ஒரு சிவப்புப் புள்ளியாகவும், அதற்குச் சற்றே வடக்கில் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் ஒரு பச்சைப் புள்ளியாகவும் குறிக்கப்பட்டிருந்தன. லிட்டில் இந்தியா வரைபடத்துக்கு வெளியே எங்கோ வடக்கில் இருக்கிறது என்பதை ஓர் அம்புக்குறி காட்டியது. கீழே ஒரே கேள்வி: "சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில் லிட்டில் இந்தியாவில் இல்லாமல் சைனாடவுனில் இருப்பது ஏன்?" ஒவ்வொரு மேசையிலும் ஒரு துண்டுத்தாள். அதில் இட்டு நிரப்பி எழுத இரண்டு வாக்கிய அமைப்புகள் அச்சிடப்பட்டிருந்தன: "… காரணமாக இருக்கலாம்", "… என்று நினைக்கிறேன், ஏனென்றால் …".

முதலில் வந்தவர்கள் கேள்வியைப் பார்த்தவாறே அமர்ந்து எழுதத் தொடங்கினார்கள். ஆசிரியை வாசலில் நின்று வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தாரே தவிர எதையும் விளக்கவில்லை. அறிவியல் கூடத்திலிருந்து வந்த மாணவர் உள்ளே நுழைந்து, "என்னடா எழுதுறீங்க?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர் வரைபடத்தைக் காட்டி, கோயில் இங்கே இருப்பது ஏன் விந்தை என்பதைத் தம் பேச்சுத்தமிழில் விளக்க வேண்டியதாயிற்று. தாமதம் தந்த எதிர்பாராத நன்மை இது: கேள்வியை ஆசிரியை ஒருமுறைகூட உரக்கச் சொல்லாமலேயே அது மாணவர் வாயால் மூன்று நான்கு முறை வேறு வேறு சொற்களில் சொல்லப்பட்டுவிட்டது. 2005ஆம் ஆண்டின் தமிழ்மொழிப் பாடத்திட்ட, கற்பித்தல் மீளாய்வுக் குழு பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்ததன் பயனை, உரையாடல் பயிற்சிகளில் பார்த்ததைவிட இந்தச் சில நிமிடங்களில் நான் தெளிவாகப் பார்த்தேன்.

எல்லாரும் வந்தபின் ஆசிரியை ஊகங்களைக் கேட்டுப் பலகையில் எழுதினார். சீனர்கள் தமிழர்களுக்கு இடம் கொடுத்திருக்கலாம் என்றார் ஒருவர். முன்பு அங்கே தமிழர்கள் மிகுதியாக வாழ்ந்திருக்கலாம், பிறகு வேறிடம் போயிருக்கலாம் என்றார் இன்னொருவர். லிட்டில் இந்தியாவில் இருந்த கோயிலை அரசாங்கம் இடம் மாற்றியிருக்கும் என்பது மூன்றாவது ஊகம். துறைமுகத்துக்கு அருகில் என்பதால் கப்பலில் வந்தவர்கள் அங்கேயே கட்டிவிட்டார்கள் என்பது நான்காவது. பிறகு, அதுவரை பேசாத ஒரு மாணவி, "லிட்டில் இந்தியா அப்போ இருந்துச்சா?" என்று மெல்லக் கேட்டார்.

இந்த இடத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அந்த மாணவியின் கேள்வி, விடையின் பாதியைத் தொட்டுவிட்டது. நம்மில் பலர் அந்நேரத்தில் முகம் மலர்ந்து "அருமை!" என்று பாராட்டி, அவர் சொன்னதையே தொடக்கமாகப் பிடித்துக்கொண்டு விளக்கத் தொடங்கியிருப்போம். பாராட்டு அந்த மாணவிக்கு மகிழ்ச்சியைத் தந்திருக்கும். மற்ற அனைவருக்கும் தேடல் அங்கேயே முடிந்திருக்கும். ஆசிரியை, மற்ற நான்கு ஊகங்களைப் பலகையில் எழுதிய அதே குரலில், "இதையும் எழுதிக்கொள்வோம். வேறு?" என்றார். அவருடைய முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு சில நொடிகள் பேசாமல் நின்றார். மேரி பட் ரோவ் என்னும் கல்வியாளர் 1970களில் வெளியிட்ட ஆய்வுகளில், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடியளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் மாணவர்களின் விடைகள் நீளமும் ஆழமும் பெறுகின்றன என்றும் காட்டியிருந்தார். ஆங்கிலத்தில் நினைத்ததைத் தமிழில் சொல்ல முனையும் மாணவருக்கு மூன்று நொடி போதாது என்பது என் கணிப்பு. இவ்வகுப்பில் அந்த மௌனம் நீண்டதால்தான் இன்னொரு மாணவர், இடம் மாற்றினார்கள் என்ற தம் ஊகத்தைத் தாமே மறுத்து, "மாத்தியிருந்தா மிகப் பழைய கோயில்னு சொல்ல மாட்டாங்களே" என்றார்.

அதன்பிறகே பகுதி வழங்கப்பட்டது. பெயர்ப்பலகைப் படம் பகுதியின் ஓரத்தில் இருந்ததால் பகோடா நகைச்சுவை இங்கும் வந்தது. சிரித்தார்கள், ஆனால் அது ஒரே வரியோடு முடிந்துபோயிற்று. எந்த ஊகம் சரி என்று பார்க்கும் அவசரம் அவர்களுக்கு இருந்தது. மூன்றாம் பத்தியில் நன்னீர் என்ற காரணத்தைக் கண்டபோது ஒருவர் உரக்கவே, "தண்ணியா!" என்றார். ஐந்து ஊகங்களில் ஒன்றுகூடத் தண்ணீரைத் தொடவில்லை. நான்காம் பத்தியை முடித்தபின், கேள்வியே தவறான எண்ணம் ஒன்றின்மேல் நின்றது என்பதை அவர்களாகவே கண்டுகொண்டார்கள்: கோயில் எழுந்த காலத்தில் இன்று நாம் அறிந்த லிட்டில் இந்தியாவே உருவாகவில்லை. சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயில் தோன்றியதே 1855இல்தான் என்று ஆசிரியை அப்போது ஒரு தகவலைச் சேர்த்தார்.

பகுதியை முடித்து, விடைகளை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் வந்த ஒரு கேள்வியை இரண்டு வகுப்புகளுக்கும் இடையிலான வேறுபாட்டின் மிகத் தெளிவான சான்றாகக் கருதுகிறேன். "நல்ல தண்ணி இல்லன்னா அங்க இருந்த ஜனங்க எப்படிக் குடிச்சாங்க?" பாடக்குறிப்பில் இந்தக் கேள்வி இல்லை, பகுதியில் இதற்கு விடையும் இல்லை. ஆசிரியை அடுத்த வகுப்புக்கு அதை ஒத்திவைத்து, ஆன் சியாங் குன்றின் கிணறுகளிலிருந்து மாட்டுவண்டிகளில் தண்ணீர் கொண்டுவரப்பட்ட செய்தியோடும், கிரேத்தா ஆயர் என்ற வட்டாரப் பெயரே அந்தத் தண்ணீர் வண்டியால் வந்தது என்ற தகவலோடும் வந்தார். முதல் வகுப்பில் பாட இறுதியில் கேட்கப்பட்ட கேள்வி, அடுத்த முறை கஹூட் எப்போது என்பது.

இடைவெளியின் அளவு

அறிவார்வத்தைப் பற்றி 1994இல் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் முன்வைத்த விளக்கம் இங்கே பொருந்துகிறது. தனக்குத் தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் இடையே ஓர் இடைவெளி இருப்பதை ஒருவர் உணரும்போதுதான் ஆர்வம் எழுகிறது என்றார் அவர். இதன் மறுபக்கத்தைத்தான் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்: ஒன்றுமே தெரியாதவருக்கு இடைவெளியே தென்படாது. 2009இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வில், பொது அறிவு வினாக்களுக்கு விடை முழுவதும் தெரிந்தவர்களைவிடவும் அறவே தெரியாதவர்களைவிடவும், ஓரளவு ஊகிக்க முடிந்தவர்களிடமே ஆர்வம் மிகுந்திருந்தது. நாராயண பிள்ளை யார் என்பது இம்மாணவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது. "நாராயண பிள்ளையைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆவலா?" என்று தொடங்கியிருந்தால் மரியாதைக்குத் தலையசைத்திருப்பார்கள். சைனாடவுனும் லிட்டில் இந்தியாவும் அவர்கள் நடந்து பழகிய இடங்கள். தெரிந்த இரண்டு செய்திகள் ஒன்றோடொன்று முரண்படுவதைக் காட்டியதால்தான் கேள்வி அவர்களுடையதாயிற்று.

ஊகத்தை எழுதவைத்ததற்கும் தனிப் பங்கு உண்டு. விடை தெரியாத நிலையில் முயன்று தவறியவர்கள், நேரே விடையை வாசித்தவர்களைவிடப் பின்னர் அதை நன்றாக நினைவில் வைத்திருந்ததாக ரிச்லண்டும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 2009இல் காட்டினார்கள். நான் கவனித்தது நினைவாற்றலை அன்று, பற்றை: தாளில் தம் கையால் ஓர் ஊகத்தை எழுதியவர் அதன் முடிவைத் தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை. வாயால் மட்டும் சொல்லியிருந்தால் பேசக்கூடிய நால்வரின் ஊகங்களோடு வகுப்பு நின்றிருக்கும்.

இதே ஆசிரியை சில வாரங்கள் கழித்து இதே முறையில் தொடங்கிய இன்னொரு பாடம் இந்த அளவுக்கு அமையவில்லை. சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் 1819இல் கண்டறியப்பட்டு, 1843இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட கல்வெட்டைப் பற்றிய பாடம் அது. ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரமும் ஐம்பது வரிகள் அளவுக்கு எழுத்தும் கொண்டிருந்த அந்தப் பாறையின் ஒரு துண்டு இன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதிலுள்ள எழுத்து இன்றுவரை உறுதியாகப் படிக்கப்படவில்லை. துண்டின் படத்தைக் காட்டி, "இதில் என்ன எழுதியிருக்கும்?" என்று கேட்டார். புதையல், சாபம், அரசன் என்று ஊகங்கள் பொழிந்தன. ஆனால் ஓர் ஊகத்தை மற்றொன்றோடு ஒப்பிட்டு மறுக்க யாருக்கும் பிடிமானம் இல்லை. எதையும் சொல்லலாம் என்ற நிலையில் எதைச் சொன்னாலும் ஒன்றுதான். பகுதியை வாசித்து முடித்தபின் "அப்போ யாருக்கும் தெரியாதா?" என்ற ஏமாற்றமே மிஞ்சியது. விடை இல்லாத கேள்வி பாடத்தில் இருக்கக் கூடாது என்பதில்லை. எனினும் அந்தப் பாடப்பகுதி விரிவாகச் சொன்னது, ஆற்றின் வாயை அகலப்படுத்தவும் கோட்டைக்கு இடம் செய்யவும் பாறை உடைக்கப்பட்ட கதையை. "இவ்வளவு பெரிய கல்வெட்டை உடைக்கலாம் என்று யார், எதற்காக முடிவு செய்திருப்பார்கள்?" என்று தொடங்கியிருந்தால், ஊகிக்கவும் மறுக்கவும் இடமிருந்திருக்கும், விடையும் மாணவர் கையிலேயே இருந்திருக்கும். பாடம் முடிந்தபின் நாங்கள் பேசியபோது ஆசிரியையும் இதே முடிவுக்குத்தான் வந்தார்.

எல்லாப் பாடத்துக்கும் இவ்வளவு பெரிய ஏற்பாடு தேவைப்படாது. வல்லினம் மிகும் இடங்களைக் கற்பித்த நாளில் "வேலை கொடு", "வேலைக் கொடு" என்று இரண்டு வரிகளைப் பலகையில் எழுதி, "ஒருவர் சம்பளம் கேட்கிறார், இன்னொருவர் சண்டைக்குப் போகிறார். யார் எவர்?" என்று கேட்டதே போதுமானதாக இருந்தது (முதலாவது பணி, இரண்டாவது வேல்). பாடநூலில் ஏற்கெனவே கேள்வி நன்றாக அமைந்திருக்கும் இடங்களில் அதையே திரையில் இட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வதில் தவறில்லை.

கவனிக்க வேண்டியவை

இரண்டாம் வகுப்பின் தொடக்கம் ஐந்து நிமிடத்தில் முடியவில்லை. பகுதி மாணவர் கைக்குப் போனபோது ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடம் கடந்திருந்தது. ஒரு மணி நேரப் பாடத்தில் இது பெரும் பங்கு. தேர்வுத் தாளின் அமைப்பையும் முடிக்க வேண்டிய அலகுகளையும் எண்ணிப் பார்க்கும் துறைத் தலைவர் ஒருவர் இதற்கு இணங்கத் தயங்குவார். அவருடைய தயக்கம் நியாயமானது. ஆனால் முதல் வகுப்பில் போட்டி முடிந்தபின் மாணவர்களை மீண்டும் பாடத்துக்குள் கொண்டுவர எடுத்த நேரத்தையும் கணக்கில் சேர்த்தால் வேறுபாடு பெரிதாக இல்லை. இரண்டாம் வகுப்பில் மூன்றாம் பத்தியை விளக்க வேண்டிய தேவையே எழவில்லை என்பதால் அங்கே சில நிமிடங்கள் மிஞ்சின.

துண்டுத்தாளின் வாக்கிய அமைப்புகள் தேவைப்பட்டவர்களுக்கு மிகவும் உதவின. ஏற்கெனவே சரளமாக எழுதுபவர்கள் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. ஒரு மாணவர் தம் ஊகத்தை ஆங்கிலத்தில் எழுதிவிட்டுப் பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் "துறைமுகம்" என்ற சொல்லைக் கேட்டுத் தமிழில் மாற்றி எழுதினார். ஆசிரியை அதைக் கண்டும் காணாதவர்போல் இருந்துவிட்டார். எனக்கு அது சரியென்றே படுகிறது. முதல் நிமிடத்திலேயே மொழியைத் திருத்தப் புகுந்தால் மாணவர் மொழியோடு சேர்த்துக் கேள்வியையும் கைவிட்டுவிடுவார்.

தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. வாசிப்பில் பின்தங்கிய இருவர், ஊகம் எழுதும்போது மற்றவர்களைவிட உற்சாகமாக இருந்தார்கள். அவர்களுள் ஒருவரே துறைமுகத்தைச் சொன்னவர். பகுதியை வாசிக்கத் தொடங்கியதும், "நன்னீர்", "கைவிடப்பட்டது" போன்ற சொற்களில் தடுக்கி, மற்றவர்கள் விடையைக் கண்டு ஆரவாரித்தபோது அவர்கள் இன்னும் மூன்றாம் பத்தியின் தொடக்கத்திலேயே இருந்தார்கள். ஆர்வத்தைத் தூண்டிவிட்டு விடைக்கான வழியைத் திறக்காமல் விடுவது, தூண்டாமல் விடுவதைவிடக் கூடுதலாகச் சோர்வூட்டும். இதற்காக ஆசிரியை மூன்றாம் பத்தியைத் தம் குரலில் பதிவு செய்து மாணவர் கற்றல் தளம் என்னும் இணையத்தளத்தில் ஏற்றியிருக்கிறார். அடுத்த அலகிலிருந்து, ஊகங்கள் பலகைக்கு வந்தபின் அவ்விருவரும் காதொலிக் கருவியில் அதைக் கேட்டுக்கொண்டே வாசிப்பார்கள். பதிவை முதல் நாளே கொடுத்துவிடலாமே என்று நான் கேட்டதற்கு, விடை முன்பே தெரிந்துவிட்டால் ஊகிக்கும் நேரத்தில் அவர்கள் வெறுமனே காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதைக் காரணமாகக் கூறி மறுத்துவிட்டார்.